சக்கரமில்லாத புல்லு மெஷின்

தை 24, சனி. நெளுக்குளம்.

பக்கத்து வீட்டு வதனி லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய புல்லு வெட்டும் மெஷினை இவர் இன்று திருத்திக் கொடுத்தார். எங்கள் வீட்டு மிக்சி பழுதாகி மாதக்கணக்காகிறது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மெஷின் செம்மஞ்சள் நிறம், கவிழ்த்து வைத்த தாச்சிச் சட்டி மாதிரி. சக்கரமே இல்லை. வெட்டுகிற தகட்டுக்கு மேலே ஒரு காற்றாடி இருக்கிறது. அது கீழே ஊதுகிற காற்றில் மெஷின் நிலத்தில் முட்டாமல் மிதக்கிறது. "என்ன மூளை பாருங்கோ!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வதனி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். அவள் என்னைவிட மூப்பு. பார்த்தால் தெரியாது.

அவள் மெஷினை ஓட்ட, வயர் தகட்டுக்குள் அகப்படாமல் இவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். என்னோடு வேலியடியில் நின்ற முன்வீட்டு அக்கா, "உம்மட மனிசன் கலியாணத்தில தோழிப் பொம்பிளை மாதிரியெல்லோ பின்னால போறார்!" என்று சிரித்தா. நானும் சிரித்தேன்.

இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு நீரும் ஓட்டிப் பாருமன். வயரை நான் பிடிக்கிறன்" என்றார்.

"எங்கட வளவில எங்க புல்லு?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் கை கழுவ எழும்பிப் போய்விட்டார்.

பாம்புக்குப் பயந்து ஒரு புல்லும் மிச்சம் விடாமல் மண்வெட்டியால் செருக்கி வைத்திருப்பவள் நான்தான். கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது. நாளைக்குச் செருக்க இருந்தேன்.

கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும்.