ரோஜா நிறம் மாறிய அற்புதம்

சாமியாரே,

உங்கள் தவத்தின் மகிமையால் நம் வீட்டு மஞ்சள் ரோஜா இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. தரிசிக்க சாயங்காலம் ஆசிரமத் தெரு வெள்ளைக்காரர்கள் வருகிறார்களாம்.

நான் காலொடிந்து தங்கை வீட்டில் கிடந்தபோது, “ஏங்க, செடிக்காவது தண்ணி ஊத்துங்க”ன்னு போனில் கெஞ்சினேன். “மௌன விரதம்”னு வாட்ஸ்அப்பில் பதில் போட்டீர்கள். காட்டு ரோஜாக் கட்டையின் மேலே ஒட்டுக் கட்டியிருந்த மஞ்சள் ரோஜா அப்போதே காய்ந்து செத்தது. இப்போது பூத்திருப்பது அடிக்கட்டையில் முளைத்த காட்டு ரோஜா. வருகிறவர்களுக்கு இதையும் உபதேசியுங்கள்.

சாம்பார் நேற்றையது, சுடவைத்துக்கொள்ளுங்கள். நான் தங்கை வீட்டுக்கே போகிறேன். போன் செய்யாதீர்கள், இனி எனக்கும் மௌன விரதம்.

தமிழ்செல்வி

பி.கு.: உங்கள் காவி வேட்டி சாயம் போகிறது. அதோடு சேர்த்துத் துவைத்த உங்கள் ஜட்டிகளெல்லாம் காவியாகி, ரோஜாச் செடிக்கு மேலே கொடியில் காய்கின்றன. காலையிலேயே ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து செடியைப் போட்டோ எடுத்தார். போட்டோவில் ஜட்டிகளும் விழுந்திருக்கின்றன.