ராஜபார்ட்டின் முன்பல்

தை, வியாழன். பனி.

நஞ்சப்பனின் முன்பல் உடைந்துவிட்டது, திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் இனி எனக்கு, எனக்கேதான்.

ஒத்திகையில் மந்திரியின் கட்டைக்கத்தி பட்டது. நாடக வாத்தியார் சொன்னார்: "ஓட்டப் பல்லுல வசனம் பேசுனா காத்துதான் வரும். நீ பாடம் பண்ணுடா." பாடம் எப்போதோ ஆகிவிட்டது. ஓசூருக்கு வந்த கம்பெனி நாடகம் ஒன்றுவிடாமல் பார்த்து நானே கற்றது.

தை, சனி.

நஞ்சப்பனை (இனி வெறும் ந.) அவன் மாமா பெங்களூரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். போகட்டும். பல் என்ன கத்தரி நாற்றா, போன இடத்தில் வேறு நட? கிரீடம் கொஞ்சம் பெரிது. உள்ளே துணி வைத்தேன்.

மாசி, புதன். குளிர். வயிற்றில் மட்டும் நெருப்பு.

ந. வந்துவிட்டான். பல்லோடு. கழற்றிக் காட்டினான்: ரோஸ் நிறப் பிளேட்டு, அதில் ஒரே பல். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரால் எல்லோர் பல்லிலும் பழுப்புக் கறை. அதிலும் அதே கறை.

"வெள்ளையா வேணும்னுதான் கேட்டன்டா. பொய்ப்பல்லுன்னு பளிச்சுனு தெரியும்னு டாக்டரு கறையோடவே செஞ்சிட்டாரு."

வாத்தியார்: "சிரி பாக்கலாம். அட, பொறந்ததிலிருந்து இருந்தாப்ல இருக்குது."

கிரீடம் அவனுக்கு. எனக்குக் காவலாளி வேஷம், கையில் ஒரு ஈட்டி. ஒரே ஆறுதல்: 'ச' வரும்போது விசில் அடிக்கிறான்.

மாசி, ஞாயிறு. ஆட்டம் முடிந்தது.

திரை தூக்குமுன் ந. களி சாப்பிட்டான். பல்லைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு என்னிடம் நீட்டினான். "காயக் கூடாதாம். உங்கிட்ட இருந்தாத்தான் எனக்கு தைரியம்."

கை கழுவப் போனான்.

"ராஜா எங்கடா?" என்று வாத்தியார் கத்தினார். பக்கத்தில் கிரீடம். பின்னால் முள்புதர். டம்ளரை ஒரு உதறு, போதும். வசனம் முழுக்க நாக்கு நுனியில்.

வந்தான். வாயைத் திறந்தபடி கை நீட்டினான். கொடுத்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

மேடையில் ஒரு 'ச' கூட நழுவவில்லை. பாவி, நன்றாகவே நடித்தான். அதுதான் தாங்கவில்லை. கூட்டம் ஓயாமல் கை தட்டியது.

பார்த்தவர்கள் யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன். வலது பக்கம் ஈட்டியோடு நின்றவனும் நன்றாகத்தானே நின்றான்?