கடலைச் சுருளில் போன காதல் கவிதைகள்

மாத்தளை பஸ் ஸ்டாண்ட்,
புதன்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் பிரசாந்தினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் ஏழு கோழியும் கைகால் சுகத்தோட இருக்கோம், ஏழுல ஒண்ணு மட்டும் முட்டை போடாம உங்கப்பா மாதிரியே மழை படாத இடமாப் பாத்துப் படுத்துக் கெடக்குது. நீயும் அந்தப் பிரான்ஸ் குளிர்ல காது மூக்கு விறைக்காம வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன வாரம் வீடியோவுல பாத்தேன், தலைமுடிய யாரு அப்படி வெட்டிவிட்டது, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டின மலை மாதிரி இருக்கு, பரவாயில்ல, கவ்வாத்து வெட்டினாத்தானே கொழுந்து வரும்னு உங்கப்பா சொல்றாரு, அவருக்குத் தலையில வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாததுனால மத்தவங்க முடியப் பத்தி நல்ல ஞானம். இங்க பத்து நாளா விடாம மழை, ரிவர்ஸ்டன் பக்கம் மலையே தெரியல. போன் இருக்கும்போது இவ எதுக்குக் கடிதம் எழுதுறான்னு நீ யோசிப்ப. போன்ல சொன்னா நீ பாதியிலேயே கத்துவ, நான் பயந்துபோய் மீதிய முழுங்கிருவேன், கடிதத்துல நீ எவ்வளவு கத்தினாலும் நான் எழுதினது எழுதினபடி நிக்கும். கிருஷாந்தினின்னு ஒரு புள்ள இதப் படம் புடிச்சு உனக்கு அனுப்புவா, அவளப் பத்திப் பின்னால சொல்றேன், இப்ப மொதல்ல உட்காரு, கையில சூடா ஏதாவது வச்சிருந்தா கீழ வச்சிரு.

பத்து நாளைக்கு முந்தி நீ போன்ல கோல் எடுத்து, அம்மா, அலுமாரிக்கு மேல இருக்குற செவப்பு மட்டை கொப்பிய எடுத்துப் பக்கம் பக்கமாப் படம் புடிச்சு அனுப்புங்க, அதுல உள்ளத நான் இன்னும் டைப் பண்ணல, மாசக் கடைசிக்குள்ள குடுக்காட்டி புத்தகம் அச்சுக்குப் போகாதுன்னு சொன்னியே, நானும் சரி மகள், தூசி தட்டி அனுப்புறேன்னு சொன்னேனே, அப்பவே அந்தக் கொப்பி அலுமாரிக்கு மேல இல்ல. அது நாவுல, இரத்தோட்டை, ரிவர்ஸ்டன்னு ஊர் ஊரா, பாதிப் பாதியா பஸ் ஏறிப் போயிருச்சு. கடலைச் சுருளா. தப்பு யாரு மேலன்னு நீயே சொல்லு. தையில வந்துட்டுப் போகும்போது, என் பழைய கொப்பியெல்லாம் எடுத்துக் கடலை சுத்துங்கம்மான்னு நீதானே சொன்ன. பதினேழு வருசமா உன் கொப்பி எல்லாம் அந்த வழியாத்தான் போச்சு, ஏழாம் வகுப்புல நீ வரஞ்ச தவளையில ஊரே கடலை தின்னுச்சு, அப்ப நீ ஒண்ணும் சொல்லல. தையில நீ வச்சிட்டுப் போன செவப்புக் கொப்பியும் அதே கட்டுக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு பக்கத்த ரெண்டாக் கிழிச்சா மேல் பாதியில ஒரு சுருள், கீழ் பாதியில ஒரு சுருள், இருபத்திரண்டு பக்கத்துக்கு நாப்பத்திநாலு சுருள். கை அது பாட்டுக்குச் சுத்தும், கண்ணு பஸ்ஸப் பாக்கும், அஞ்சாம் வகுப்போட நின்னவ அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக்கிட்டா நிப்பேன்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி திடீர்னு வியாபாரம் கூடிருச்சு. பொம்பளைங்க கூட்டம், ஒரு சுருள் வாங்குறவங்க ரெண்டு கேக்குறாங்க. தேங்காய்ச் சில்லு கூடப் போடுறதுனாலதான்னு எனக்கு ஒரே பெருமை, இன்னும் கூடப் போட்டேன். அப்பத்தான் கிருஷாந்தினி வந்தா. டவுன்ல புடவைக் கடையில நிக்கிற புள்ள, சாயந்தரம் அஞ்சரை பஸ்ல இரத்தோட்டைக்குப் போவா. சுருள விரிச்சு நீவி எடுத்து வந்து, அக்கா, இதோட கீழ் பாதிய யாருக்குக் குடுத்தீங்கன்னு கேக்குறா. என்னடி, கடலையில கல்லு கெடந்துச்சான்னேன். இல்லக்கா, வாசிச்சுப் பாருங்கன்னா. எழுத்துக் கூட்டி வாசிச்சேன்.

"உன்னை நினைத்த நாளில் என் சப்பாத்துக்குள் ஒரு குளம் இருந்தது. அதில் நீந்திய மீன்கள் எல்லாவற்றுக்கும் உன் பற்கள்."

கையெழுத்தப் பாத்தா உன்னோடது, பச்சை மை. அட, நம்ம புள்ளைக்கு யார் மேலயோ மனசு போயிருக்கு, மாப்பிள்ளைக்குப் பல்லு கொஞ்சம் மீன் பல்லு போலன்னு நெனச்சிட்டேன். அதுக்குத்தான் அந்த வாரம் உன்கிட்ட, அங்க பல்லு விசேஷமா உள்ள பையன் யாரையாவது தெரியுமான்னு மெதுவாக் கேட்டேன், நீ அங்க பல் டாக்டரப் பாக்குறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு மணித்தியாலம் பேசின. அப்புறம் நீ கொப்பியக் கேட்ட அன்னைக்குத்தான் எனக்கு விசயமே தெரியும், அது உன் சொந்தக் கதை இல்ல, நூறு வருசத்துக்கு முந்தி பிரான்ஸ் பக்கத்துப் பொம்பளைங்க எழுதின காதல் கவிதை, சர்ரியலிசம்னு பேரு, கனவு எப்படி வருதோ அப்படியே எழுதுறது, அத நீ தமிழுக்குக் கொண்டு வந்திருக்கன்னு. அதோட விட்டியா, இன்னொண்ணும் சொன்ன. இந்தத் தடவ அச்சுக்குப் போகாட்டி இத அடியோட விட்டுர்றேன்மா, எப்படியும் இதப் பத்துப் பேருதான் வாசிப்பாங்க, அதுல ஒன்பது பேரு புரொபசருங்கன்னு. போன வச்சிட்டு நான் கோழிக் கூட்டுக்குப் பக்கத்துல போய் உட்காந்துட்டேன். மூணு வருசமா நீ ராப்பகலா செஞ்ச வேலைய நான் கடலை சுத்தி வித்திருக்கேன். அன்னைக்கு நான் யாரையும் பகிடி பண்ணிச் சிரிக்கலன்னா பாத்துக்க.

அடுத்த நாள் காலையில, ரிவர்ஸ்டன் பஸ்ல கொண்டக்டரா இருக்குற உமாசுதன் பெரிய மட்டையில எனக்கு எழுதிக் குடுத்தான், பச்சை மையில எழுதின சுருள் பேப்பர் கொண்டு வந்தா ஒரு சுருள் கடலை சும்மான்னு. ஆம்பளைங்க ஓடி வந்தாங்க, ஒருத்தர் லைட் பில்லக் கொண்டு வந்தாரு, ஒருத்தர் பேரன் எழுதின பெருக்கல் வாய்ப்பாட்டப் பச்சைப் பேனாவால மேல தடவிக் கொண்டு வந்தாரு. பொம்பளைங்க வந்தாங்க, ஆனா கைய வீசிக்கிட்டு வந்தாங்க. பேப்பர் எங்கடின்னா வீட்டுல இருக்குங்குறாங்க, கொண்டு வாடின்னா மாட்டேங்குறாங்க. ஒருத்தி அரிசி வாளிக்குள்ள வச்சிருக்கா, ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கா. நாவுல பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சுக் குடுக்குற நூருன்னிஸா டீச்சர் எண்ணெய்க் கறையோட லெமினேட் பண்ணி வச்சிருக்கா. நான் கெஞ்சின கெஞ்சல் கொஞ்சமில்ல. கடைசியில, நாங்க பாத்து எழுதி வச்சுக்கிறோம், மூலத்த நீங்க எடுத்துக்கிருங்கன்னு ஒரு முடிவுக்கு வந்தாங்க. ஒரு வாரமா பஸ் ஸ்டாண்டுல உட்காருற வாங்குல ஒரே எழுத்துப் பரீட்சைதான். உமாசுதனுக்குக் கோபம், பஸ்ஸ எடுக்க விடுறாங்க இல்ல, தம்பி இன்னும் ரெண்டே வரின்னு சொல்லிச் சொல்லியே பதினஞ்சு நிமிசம் லேட்டாம். ஆனா அவனும் டிக்கட் மெசினுக்குக் கீழ ஒரு பாதிய ஒளிச்சு வச்சிருந்தான், டீச்சர்தான் காதப் புடிச்சு வாங்கினா.

அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு நாள் நானே கேட்டேன். டீச்சர் சொன்னா, முப்பது வருசமா புள்ளைங்களுக்குப் பாட்டுப் படிச்சுக் குடுக்குறேன் சந்திரா, பொம்பள முகம் நிலா, கண்ணு மான், நடை அன்னம், எல்லாம் ஆம்பள பாத்துச் சொல்றது, இதுல பொம்பள பாக்குறா, அவன் முதுகுல ஒரு கதவு வைக்கிறா, தட்டுறா, உள்ளயிருந்து குதிரை வருது, இருபது வயசுல எனக்கு இது கெடைச்சிருந்தா, அப்படின்னு பாதியிலேயே வாயில கடலையப் போட்டுக்கிட்டா. கிருஷாந்தினி சொன்னது வேற. வீட்டுல அவளுக்குப் புடிச்ச பையனப் பத்திக் கேட்டா, என்ன வேல, எந்த ஊருன்னுதான் சொல்ல வருதாம், அது எதுவுமே உண்மை இல்லாத மாதிரி இருக்காம், காலுல போடுற சப்பாத்துக்குள்ள குளம்னு சொன்னாத்தான் சரியா இருக்காம். எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் நெனச்சுப் பாத்தேன், உங்கப்பாவ மொத மொதல்ல இரத்தோட்டைச் சந்தையில பாத்த அன்னைக்கு வெங்காயம் வாங்கப் போன நான் வெங்காயத்த விட்டுட்டு வெங்காயக்காரரோட தராசத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவ. அந்த வெங்காயக்காரரு பின்னாலயே ஓடி வந்தாரு. இத நேராச் சொன்னா யாரு நம்புவா, கவிதையில சொன்னா நம்புவாங்க. நூறு வருசமா இது சாகாமக் கெடக்குறதுக்கு அதுதான் காரணம்னு நெனக்கிறேன், நீ உன் புரொபசர்கிட்ட வேணும்னா கேட்டுப் பாரு.

உங்கப்பா கதையையும் சொல்லிருறேன், வேற யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. திரும்பி வந்ததுல ஒண்ண நான் பேக்ல வச்சிருந்தேன், "நீ என் நெஞ்சின் மேல் வைத்துப் போன சுத்தியல் இப்போது பாடுகிறது"ன்னு இருக்கும், உனக்குத் தெரியும். மனுசன் சில்லறை தேடப்போய் அத எடுத்து வாசிச்சிருக்காரு. ரெண்டு நாள் நம்ம பக்கத்து வீட்டுல தச்சு வேல பாக்குற பாஸ் எங்க போனாலும் வேலிக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. சுத்தியல் வச்சிருக்குறவன் நம்ம தெருவுல அந்த ஆளு மட்டுந்தானே. மூணாம் நாள் தொண்டையச் செருமிக்கிட்டு, சந்திரா, அந்தச் சுத்தியல் யாரோடதுன்னாரு. நான் சிரிச்ச சிரிப்புல கோழியெல்லாம் பறந்துருச்சு. நூறு வருசத்துக்கு முந்தி செத்துப்போன வெள்ளக்காரம்மாவோட ஆளோடதுன்னு சொல்லியும் நம்பல, ஆனா அன்னையில இருந்து சட்டைக்கு அயன் பண்ணிப் போடுறாரு, ஆக அந்தச் சுத்தியல் நம்ம வீட்டுலயும் ஒரு வேல செஞ்சிருச்சு.

இப்ப முக்கியமான விசயம். மேல் பாதிய எந்தக் கீழ் பாதியோட சேக்குறதுன்னு பெரிய சண்டை. மீன் பல்லுக்குக் கீழ, "என் கூந்தலைத் திறந்து உள்ளே வா, தேநீர் ஆறுகிறது"தான் வரும்னு கிருஷாந்தினி, இல்ல அது முதுகுக் கதவுக்குத்தான்னு டீச்சர், எனக்கு ரெண்டும் பொருந்துற மாதிரித்தான் தெரியுது. கிழிஞ்ச ஓரத்த வச்சுப் பாக்கலாம்னா ஓரமெல்லாம் எண்ணெய். அதனால அப்படியே தனித்தனியா அனுப்புறோம், அந்த ஊர்ப் புத்தகத்தப் பாத்து நீ சேத்துக்க. மொத்தம் நாப்பது பாதி உன் கையெழுத்துல இருக்கு. மூணு பேரு பேப்பரத் தொலைச்சிட்டாங்க, ஆனா மனப்பாடமா இருந்துச்சு, ஒரு சொல்லு பிசகாம ஒப்பிச்சாங்க, கிருஷாந்தினி நீல மையில எழுதினா. பத்துப் பேரு வாசிப்பாங்கன்னு சொன்னியே மகள், இங்க மழையில நின்னுக்கிட்டு, புத்தகம் எப்ப வரும்னு என்னத் தினம் திட்டுறாங்க. இத விடுறதுன்னா நீயே வந்து அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லிட்டு விடு, என்னால முடியாது.

நாப்பத்திநாலாவது பாதி வரவே இல்ல. அத வாங்கின அம்மா வாங்குல வச்சிட்டுக் குடைய விரிக்கும்போது, பஸ் ஸ்டாண்டுல சுத்துற அந்த வெள்ளை மாடு கடலையோட சேத்துத் தின்னுருச்சாம், அவங்க ஒரு வரி கூட வாசிக்கல. அன்னைக்கு அந்த மாடு ரிவர்ஸ்டன் பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னு கால் மணித்தியாலம் நகரவே இல்ல, இப்பத்தான் எனக்குக் காரணம் புரியுது. ஆனா ஒரு பாதி இல்லாம எப்படி அனுப்புறது, நீ அதச் சாக்கா வச்சு, எல்லாம் போச்சுன்னு படுத்துருவன்னு எனக்குப் பயம். மூணு நாள் கடலை கிண்டிக்கிட்டே யோசிச்சேன். நாலாம் நாள், இந்தா எனக்கு ஞாபகம் வந்துருச்சுன்னு சொல்லி கிருஷாந்தினிக்கு நாலு வரி சொன்னேன், அவளும் நீல மையில எழுதிட்டா, எழுதி முடிச்சிட்டு அவளோட கொப்பியிலயும் ஒண்ணு எழுதிக்கிட்டா. டீச்சர் மட்டும் அத ரெண்டு தடவ வாசிச்சிட்டு, ஏன் சந்திரா, இந்த வெள்ளக்காரம்மாவுக்கு ரிவர்ஸ்டன் காத்து எப்படித் தெரியும்னு கேட்டா. நான் கடலை வறுக்குற தாச்சியப் பாக்கப் போயிட்டேன்.

மழையிலயும் பனியிலயும் உனக்கு ஒரு கொறையும் வராம, எடுத்த வேல முடிஞ்சு, புத்தகமும் கையுமா நீ நல்லா வரணும்னு நானும் உங்கப்பாவும் மனசார வாழ்த்துறோம். தலைக்கு எண்ணெய் வை, இருக்குற கொஞ்ச முடிக்காவது வை. ஒண்ணு மறக்காத, நீல மையில உள்ள நாலு பாதியில எது வெள்ளக்காரம்மா எழுதாததுன்னு நீ ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவ. அத அழிச்சிட்டு அந்தம்மாவோடதையே எழுது, அதுதான் நியாயம், அவங்க பேருல நான் கடலை விக்கக் கூடாது. ஆனா அழிக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ சத்தமா வாசி. நல்லா இல்லாட்டி எனக்குச் சொல்லாத. நல்லா இருந்தா உங்கப்பாவுக்குச் சொல்லாத.

இப்படிக்கு,
உன் மேல உசுரா இருக்குற அம்மா,
சந்திரவதனா