பதினைந்து நாள் அவகாசம்

ஜூன் 2, சனி

நாங்கள் வரத் தொடங்கி இது மூன்றாவது சனிக்கிழமை. பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாக. வாசலில் 'வளரிளம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் குழு ஆலோசனை' என்று பலகை. பிள்ளைகள் ஒரு அறையில், நாங்கள் இன்னொரு அறையில். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை ஊருக்கு வெளியே காட்டோர முகாமுக்குக் கூட்டிப்போய் நடக்க விடுகிறார்கள். நடந்தால் மனசு திறக்குமாம்.

ஆலோசகர் ஒரு பெண். உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை சிரிப்பு. முதல் வாரமே 'சிரிப்பு மேடம்' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். இன்று உங்கள் மனசு வெயிலா, மழையா, மேகமூட்டமா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நாற்பது தாண்டிய ஆண்கள் "லேசா தூறல்" என்கிறார்கள். என் முறை வந்தபோது தலைவலி என்றேன். அதற்கும் சிரிப்பு.

டீ வந்தது. டம்ளரைத் துடைத்த துணியைப் பார்த்துவிட்டேன், குடிக்கவில்லை. பதினெட்டு வருடமாக உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை. ஓட்டல், பேக்கரி, விடுதி என்று இந்த ஊரில் நான் நுழையாத சமையலறை இல்லை. எங்கே போனாலும் கண் முதலில் துணிக்குத்தான் போகும்.

ஜூன் 4, திங்கள்

தட்டு இன்றும் மகள் அறை வாசலில், தரையில். பாதி தின்றது. நாலு மாதமாக அவளுக்கு இதுதான் குடித்தனம். பள்ளிக்கூடம் இல்லை, பேச்சு இல்லை, எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பாடு இல்லை. பதினான்கு வயது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்தான் அந்த வட்டத்துக்கு அனுப்பினார். சனிக்கிழமை மட்டும் யாரும் எழுப்பாமலே குளித்துக் கிளம்பி நிற்கிறாள். அந்த ஒரு காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன்.

ஜூன் 9, சனி

புதிதாக ஒருவர். இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். மனைவி இல்லை, மகளோடு வந்திருக்கிறார். அவர் கடையை நானே இரண்டு முறை சோதனை போட்டிருக்கிறேன். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்று கும்பிட்டார், நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

அவர் முறை வந்ததும், மகளோடு சண்டை போட்ட அன்றைக்கெல்லாம் கடையின் குளிர் அறைக்குள் போய் அழுவேன் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்தார். அதே கையை நீட்டிப் பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் வைத்தார். நகத்தடியில் கறுப்பு. சீ.

ஜூன் 16, சனி

இன்று பெற்றோருக்கும் நடை. வேனை விட்டு இறங்கியதும் சிரிப்பு மேடம் விதியைச் சொன்னார். யாரும் தன் பிள்ளையோடு நடக்கக் கூடாது. பிள்ளைகளை மாற்றிக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் பேசியது வழியோடு சரி, பெற்றவர் காதுக்குப் போகக் கூடாது. சீட்டு எடுத்தார்கள். கடைக்காரர் மகள் எனக்கு. என் மகள் கடைக்காரருக்கு. இதைவிட நல்ல சீட்டு எனக்கு எங்கே விழப்போகிறது?

அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயவில்லை. ஓடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க எதைச் சாப்பிடறதுக்கு முன்னாடியும் மோந்து பாப்பீங்களாமே?" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

மதியம் மரத்தடியில் எல்லாரும் அங்கங்கே உட்கார்ந்தோம். என் மகள் அவரோடு. அவருடைய டப்பாவிலிருந்து, அவர் தின்றுகொண்டிருந்த ஸ்பூனாலேயே அள்ளி அள்ளித் தின்றாள். கழுவவில்லை. துடைக்கக்கூட இல்லை. எச்சில் ஸ்பூன்! வாயில் சோற்றோடு ஏதோ சொன்னாள், அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். நாலு மாதம் கழித்து அந்தச் சிரிப்பை நான் இருபது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன்.

எழுந்து நேரே முகாம் சமையலறைக்குள் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. காய் நறுக்கும் பலகையில் பிளவு. மாவு மூட்டை வெறும் தரையில். துணியைப் பற்றி எழுதவே வேண்டாம். எலிப்புழுக்கை இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17, ஞாயிறு

அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று படித்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "இது ஆபீஸ் வேலையா, வயித்தெரிச்சலா?" என்று கேட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. ஒரு வரி கூட.

ஜூன் 18, திங்கள்

நோட்டீஸ் போய்விட்டது. சமையலறை உடனடி மூடல்.

ஜூன் 23, சனி

சமையலறை இல்லாமல் முகாம் நடத்த அனுமதி இல்லை, அதனால் மறு அறிவிப்பு வரும்வரை நடை கிடையாது என்று சிரிப்பு மேடம் சொன்னார். இன்று சிரிக்கவில்லை. என்னை ஒரு நொடி பார்த்தார், அவ்வளவுதான். யார் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன், சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 25, திங்கள்

மகளுக்குத் தெரிந்துவிட்டது. முகாம் கேட்டில் ஒட்டிய நோட்டீஸைக் கடைக்காரர் மகள் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். கீழே என் கையெழுத்து, முத்திரை, எல்லாம் பளிச்சென்று.

மகள் அறைக் கதவைத் திறந்தாள். நாலு மாதத்தில் முதல் முறையாக அவளாகவே என்னிடம் வந்தாள். கத்தவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"என் ரூமையும் சீல் வச்சிடு" என்றாள்.

கதவு மூடியது. நான் அங்கேயே நின்றேன். என்னடி பேச்சு இது, உன் நல்லதுக்குத்தானே, அந்தத் தண்ணிய நீ குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் — கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவுக்கு என்ன தெரியும்.

ஜூன் 26, செவ்வாய்

தட்டு வாசலில். தொடவில்லை.

ஜூன் 27, புதன்

ஆபீஸில் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். இந்த வருடம் மூடியில்லாத தொட்டி ஒன்பது இடத்தில். பிளந்த பலகை, கணக்கே இல்லை. ஒரு விடுதியில் உண்மையாகவே எலி. எல்லோருக்கும் நான் எழுதியது ஒன்றுதான்: சரிசெய்யப் பதினைந்து நாள் அவகாசம். எலிக்குக்கூடப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறேன். முகாமுக்கு ஒரு நாள் கொடுக்கவில்லை.

போதாததற்கு, என் பிள்ளை போகிற இடத்தை நான் சோதிக்கவே கூடாது. முதல் வாரப் பயிற்சியில் சொல்லித்தருகிற விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை நடத்துவதே நான்தான்.

ஊரெல்லாம் அழுக்கு தேடி அலைந்தவளுக்கு — சீ, எழுதவே கூசுகிறது. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 28, வியாழன்

மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். என் மகள் அங்கே போகிறாள், நான் சோதித்தது தவறு, வேறு ஆய்வாளரை அனுப்புங்கள் என்று. இரண்டு முறை படித்துவிட்டு, "இதை நீங்களே எழுதிக் கொடுக்கணுமா?" என்றார். எழுதிக் கொடுத்தால் என் மேல் விசாரணை வரும் என்றார். வரட்டும் என்றேன்.

ஜூன் 30, சனி

வட்டத்தில் சொன்னேன். வானிலை எல்லாம் வேண்டாம் மேடம், முகாமை மூடினது நான்தான், மூடியிருக்கக் கூடாது என்று. கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "அந்த முகாம் கிச்சன் துணியை நானும் பாத்தேன் மேடம். நாத்தம் தாங்கல."

முடிந்ததும் படிக்கட்டில் அவரை நிறுத்தினேன். என் மகள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன், விதி தெரிந்தே கேட்டேன். நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அவ சொல்ல வேண்டியது மேடம். என் கடையை வேணா மூடுங்க, அதை மட்டும் கேக்காதீங்க."

வேறு ஒருவராக இருந்தால் என் நாற்காலிக்குப் பயந்து கக்கியிருப்பார். நகம் இன்னும் அழுக்காகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அழுக்கைப் பிடிக்கவில்லை, அந்த மனுஷனைப் பிடிக்காமல் போகவும் முடியவில்லை.

ஜூலை 4, புதன்

இன்னொரு ஆய்வாளர் போய்ப் பார்த்தார். தொட்டிக்கு மூடி போட்டாயிற்று, பலகை புதிது. முகாமைத் திறக்கலாம் என்று எழுதிவிட்டார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்து மகள் கதவுக்கு வெளியே நின்று இரண்டையும் சொன்னேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

ஜூலை 7, சனி

முகாம். நடை முடிந்து மதியம் சிரிப்பு மேடம், இன்று விருப்பப்பட்டவர்கள் அவரவர் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கலாம், பதிலுக்குப் பதில் பேசக் கூடாது என்றார். நான் கேட்கவில்லை. பயம். மகளே எழுந்து வந்து என் எதிரில் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் சாப்பிடறப்ப நீ ஒரு மாதிரி பாப்ப. ஏதோ கெட்டுப்போனதைப் பாக்கற மாதிரி. அதான் உன் முன்னாடி சாப்பிட முடியல."

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. பேசக் கூடாது என்பது விதி. அந்த விதிக்கு ஆயிரம் கும்பிடு. அந்த முகம் எனக்குத் தெரியும். ஓட்டல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"திரும்பி உக்காரு" என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன். என் முதுகில் அவள் முதுகு வந்து சாய்ந்தது. எலும்பு குத்துகிறது, இவ்வளவு இளைத்திருக்கிறாளா? டப்பா திறக்கும் சத்தம். அவள் அப்படியே கையைப் பின்னால் நீட்டி ஒரு ரொட்டியை என் மடியில் போட்டாள். கை கழுவினாளா தெரியாது. தின்றேன்.

பின்னால் அவள் மெல்வது கேட்டது. வாயை மூடாமல், சப்பு சப்பென்று, இருபது பேருக்குக் கேட்கிற மாதிரி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. டப்பா காலியாகும்வரை அவள் தின்றாள்.