மோர் ஊற்றிய தண்ணீர்ப் பை

அன்புள்ள அமலிக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

"ஏங்க, பை சரி, அந்தக் குழாயை எப்படிக் கழுவுவீங்க?" என்று புறப்படும்போது கேட்டாய். சிரித்துவிட்டேன்.

மகன் ஆல்பின் வாங்கித் தந்த, குழாயில் உறிஞ்சிக் குடிக்கும் அந்த முதுகுத் தண்ணீர்ப் பையில் மோர் ஊற்றிக்கொண்டுதான் இங்கே குடகு மலையில் முகாம் பிள்ளைகளோடு ஏறுகிறேன். பையை மட்டும் அலசுவேன். முந்தாநாள் ஏற்றத்தில், முகாமுக்கு வந்திருக்கும் ஆசிரியை ஷீபாவிடம் பெருமையாகக் குழாயை நீட்டினேன்.

"சார், உள்ள பல்லி செத்துக் கிடக்கா?" என்று துப்பினார். அதற்குள் ஒரு வாய் இறங்கிவிட்டது, இரவெல்லாம் வாந்தி. இப்போது நன்றாக இருக்கிறார், பயப்படாதே. குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்புப் பூசணம். பணி ஓய்வு பெறும்வரை பிள்ளைகளைக் கை கழுவச் சொன்னவன் நான். அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. சாப்பாட்டுக்கும் தனியாகத்தான் போகிறேன். அவருக்குக் கொடுக்கக் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

தபால் கொண்டுபோகும் ஜீப் கிளம்புகிறது. வேளாங்கண்ணி நடைக்கு வாங்கிய உன் பையின் குழாயை இன்றே கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போக ஊதித் தொங்கவிடு.

பெரியநாயகசாமி