டாக்னி போட்ட பயணத் திட்டம்

செப்டம்பர் 4, புதன்

தையல் குழு இன்று க்ரோவா வீட்டில் கூடியது. எங்களில் யாரும் ஊசியைத் தொட்டுப் பல வருடமாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு புதன் விட்டு ஒரு புதன் ஒருத்தி வீட்டில் கூடித் தின்பது, ஊரில் இருப்பவர்களை நார் நாராய்க் கிழிப்பது, நவம்பரில் காலிப் பெட்டிகளோடு வெளிநாடு போய்க் கிறிஸ்துமஸுக்கு வேண்டியதை வாங்கி, வயிறு முட்டச் சாப்பிட்டுத் திரும்புவது. இதுதான் எங்கள் தையல். அந்தப் பயணத்தை இத்தனை வருடமும் திட்டம் போட்டவள் நான். எந்த ஊர், எந்த விடுதி, எந்தக் கடையில் எவ்வளவு நேரம், ஆளுக்கு எவ்வளவு செலவு, எல்லாம் என் பொறுப்பு. இதுவரை யாரும் தொலைந்துபோனதும் இல்லை, கடன்பட்டு வந்ததும் இல்லை.

இன்று டாக்னி காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "இந்தத் தடவை ஹெர்டீஸுக்கு ஓய்வு குடுப்போமே. பாவம், எத்தனை வருஷமா ஒத்தை ஆளா மாரடிக்கிறா." தலைநகர் ரெய்க்யாவிக்கில் வங்கி உத்தியோகம் பார்த்துவிட்டு மூன்று வருடம் முன்பு எங்கள் டால்விக் ஊருக்குத் திரும்பி வந்தவள் இவள். தனியாக இருக்கிறாளே என்று குழுவில் சேர்த்ததே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் உன்னூரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, இப்போது மீன் ஆலையிலும் ஒன்றாக வேலை. அவள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போன வருஷம் கிளாஸ்கோல செருப்பு எடுக்க எனக்கு அரை மணி நேரம் குடுத்தே. எனக்குக் கால் எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாதா? வெறுங்கையோடதான் வந்தேன்."

ஆக, அவளுமா.

செப்டம்பர் 5, வியாழன்

டோர்ஃபியிடம் சொன்னேன். "விடு, உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்கிறான். கட்டினவனாம். சீக்கிரம் கடலுக்குப் போய்த் தொலையட்டும்.

செப்டம்பர் 18, புதன்

மகாராணியின் திட்டம் வெளியாகிவிட்டது. போலந்தில் கிடான்ஸ்க். நவம்பர் எட்டு வெள்ளி சாயங்காலம் விமானம், செவ்வாய் திரும்புவது. சனிக்கிழமை முழுக்கச் சாப்பாடு: ஒரு வழிகாட்டி பின்னால் நடந்து தெருத் தெருவாகத் தின்ன வேண்டுமாம். கொழுக்கட்டை, ஊறின மத்தி, புகையில் வாட்டின பாலாடைக்கட்டி. "ஞாயிறும் திங்களும் கடைக்கு. ரெண்டு முழு நாள். யாரும் மணி பார்க்க வேண்டாம்" என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாளே, அதுதான் சாமர்த்தியம். எல்லோரும் கை தட்டினார்கள்.

செலவுக் கணக்கையும் காட்டினாள். விமானம், விடுதி, சாப்பாடு, கடைசியில் "மகிழ்ச்சி" என்று ஒரு வரி, அதற்கும் ஒரு தொகை. மகிழ்ச்சிக்கு என்னடி ரசீது வாங்குவாய்? நானாக இருந்தால் ஓட்டல் பில்லைச் சமமாகப் பிரிப்பேன், சண்டையே வராது. இவள் அவரவர் தின்றதற்கு அவரவர் என்கிறாள். லோவாவுக்கு வாயெல்லாம் பல். அவள்தான் எப்போதும் வெறும் சூப்போடு நிறுத்துகிறவள். இத்தனை வருடம் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் போல. ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நாக்கு அறுந்தா போய்விடும்?

செப்டம்பர் 23, திங்கள்

ஆலையில் வெளிச்ச மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் துண்டில் புழு பார்ப்பவள் ஹலினா. கிடான்ஸ்குக்குப் பக்கத்து ஊர்க்காரி. காபி நேரத்தில் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். தேதியைக் கேட்டாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கடைக்கு ஞாயித்துக்கிழமையா? எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை கடை திறக்கக் கூடாது, சட்டம். டிசம்பர்ல ஒண்ணு ரெண்டு நாள் விடுவாங்க, அவ்வளவுதான். திங்கக்கிழமை பதினொண்ணாம் தேதி வேற. எங்க சுதந்திர நாள். அன்னிக்கும் எல்லாம் பூட்டு."

"பெரிய பெரிய கடைகள்கூடவா?"

"அதுங்கதான் முதல்ல பூட்டும். ரெண்டு நாளும் என்ன பண்ணப் போறீங்க? சர்ச்சுக்குப் போவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டுவார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? இங்கே பனிப்புயல் அடித்தாலும் ஞாயிறு கடை திறந்திருக்கும். ஆனாலும் நானாக இருந்தால் விசாரித்திருப்பேன். விசாரித்திருப்பேனா? தெரியவில்லை. அதைப் பற்றி இப்போது என்ன.

"உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க, பாவம்" என்றாள் ஹலினா. சொல்லிவிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சொல்லவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் டாக்னி நிற்கிற கோலத்தை நினைத்தால் மனசு குளிர்கிறது. மீன் வெட்டும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் உன்னூரும் நானும் மட்டும். மகனுக்கு நவம்பர் முப்பதாம் தேதி கல்யாணம். ஒரே மகன். "உடுப்பு இல்லடி எனக்கு" என்றாள். இங்கே அவள் அளவுக்கு எதுவும் கிடைக்காது. இணையத்தில் இரண்டு தடவை வரவழைத்து இரண்டையும் திருப்பி அனுப்பினாளாம், ஒன்று கூடாரம் மாதிரி, ஒன்று முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. "கிடான்ஸ்க்ல ஞாயித்துக்கிழமை எடுத்து, பிடிச்சுத் தைக்கக் குடுத்தா, திங்கக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கலாம். அம்மாக்காரி நான், ஒரு நாளாவது பாக்கறாப்ல இருக்க வேண்டாமா?"

வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் க்ரோவா தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.

புதன்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். டாக்னி மூஞ்சி அப்போதும் கோணத்தானே போகிறது. உன்னூர் உடுப்பும் நடக்கும், என் ஆசையும் நடக்கும்.

அக்டோபர் 2, புதன்

டாக்னி வீடு. சொல்லத்தான் போனேன், சத்தியமாக. கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவள், "ஹெர்டீஸ், நீ எங்ககூட வர்றதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. விசிலை வீட்டுல வெச்சிட்டு வரணும்" என்றாள். பயணத்தில் நான் விசில் ஊதி எல்லோரையும் மந்தை மாதிரி விரட்டுகிறேனாம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் உன்னூர் சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்துகொண்டு.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். போங்கடி. எல்லாரும் போய்ப் பூட்டைப் பாருங்க.

அக்டோபர் 16, புதன்

இனிமேல் தேதி மாற்றினால் பயணச்சீட்டுப் பணம் போய்விடும் என்று டாக்னி சொன்னாள். யாரும் மாற்றவில்லை. ஏன் மாற்றப் போகிறார்கள்.

இப்போது சொன்னால், "எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்பார்கள். அதுதான் சிக்கல்.

அக்டோபர் 30, புதன்

ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை கடை உண்டு. அன்றைக்கு எனக்குத் தலைவலி வரும். சாப்பாட்டு ஊர்வலத்தை விட்டுவிட்டு உன்னூரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். அவள் உடுப்பு சனிக்கிழமையே முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

நவம்பர் 9, சனி. கிடான்ஸ்க்

காலையில் விடுதிக் கூடத்தில் உன்னூரைத் தனியாகப் பிடித்தேன். "வாடி, நாம ரெண்டு பேரும் இன்னிக்கே கடைக்குப் போயிடலாம். எதுக்கு நாளைக்குத் தள்ளணும்?"

"நான் சாப்பிடப் போறேன்" என்றாள். "ரெண்டு மாசமா இந்த நாளுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்."

"உடுப்பை முடிச்சிட்டு வந்து நிம்மதியாச் சாப்பிடேன்."

"ஹெர்டீஸ், நாப்பது வருஷமா நீ சொன்ன நேரத்துக்கு எந்திரிச்சு நீ சொன்ன இடத்துல உக்காந்திருக்கேன். ஒரு நாள் என்னை என் இஷ்டத்துக்கு விடேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், நாளைக்குக் கடை இல்லை உன்னூர், அவ்வளவுதான். டாக்னி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பி, கையில் குடை, பெரிய தளபதி. "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் தனியாகக் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியதெல்லாம் வாங்கினேன். பருமனானவர்களுக்கென்றே ஒரு கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கருநீலத்தில் ஒரு உடுப்பு, பார்த்ததும் உன்னூர் ஞாபகம். உள்ளே போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பூட்டு. டாக்னி கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துச் சத்தமாகப் படித்தாள். நாளைக்கும் பூட்டு என்று அதிலேயே இருந்தது. நான் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த காட்சி இதுதானே?

அவள் திரும்பி, "என் தப்புதான். விசாரிக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். அவ்வளவுதான். க்ரோவா அவளைக் கட்டிக்கொண்டாள். லோவா, "போகட்டும் விடு, பணம் மிச்சம்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். விளக்கம் இல்லை, சால்ஜாப்பு இல்லை. எனக்கு வாழ்க்கையில் ஒரு தடவைகூட அப்படிச் சொல்ல வந்ததில்லை.

உன்னூர் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 11, திங்கள்

தெருவெல்லாம் வெள்ளையும் சிவப்புமாகக் கொடி. மத்தியானம் வாத்துக்கறி. என் ஆயுசில் இப்படி ஒரு வாத்துக்கறி சாப்பிட்டதில்லை, அதை டாக்னி தேர்ந்தெடுத்திருந்தாள் என்பதால் சொல்லவில்லை. உன்னூர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். "அம்மா செத்தப்போ போட்ட பழுப்பு உடுப்பு இருக்கு, கையைப் பிரிச்சுவிட்டா சரியாயிடும்" என்று லோவாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 14, வியாழன்

முடிந்தது.

காபி அறையில் உன்னூர் ஹலினாவிடம் உடுப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹலினாவிடம் கெட்ட எண்ணமே கிடையாது. அவளுக்குப் புரியவில்லை, அதனால் கேட்டாள்: "ஆனா நான் செப்டம்பர்லயே ஹெர்டீஸ்கிட்ட சொன்னேனே? ரெண்டு நாளும் பூட்டுன்னு?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள். உன்னூர் என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விசில் விஷயத்தை எடுத்திருப்பேன், சரிக்குச் சரி ஆகியிருக்கும்.

"தொட்டியில உக்காந்து உன்கிட்ட சொன்னேனே" என்றாள். "அப்பவே உனக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அப்பவே தெரியுமான்னு கேட்டேன்."

தெரியும் என்றேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் மேஸ்திரியிடம் கேட்டுத் தோல் உரிக்கும் இயந்திரத்துப் பக்கம் மாறிக்கொண்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அந்த டாக்னி என்னை அவமானப்படுத்தினதுக்கு மட்டும் சாட்சி கிடையாதா? எல்லாரும் சிரிச்சாங்களே, அது கணக்குல வராதா?

வராது போல.

நவம்பர் 30, சனி

கல்யாணத்துக்குப் போனேன். அழைப்பு முன்பே வந்திருந்தது, வராதே என்று யாரும் சொல்லவில்லை. கடைசி வரிசை. உன்னூர் பழுப்பு உடுப்பில் வந்தாள். முதுகில் கொக்கி மேலே வரை ஏறவில்லை, அதை மறைக்க ஒரு சால்வை. டாக்னியுடைய சால்வை. படம் எடுக்கும்போதெல்லாம் அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மகன் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டிய நேரத்தில் கை முதுகுக்குப் போய்விடுகிறது. நான் செய்ததுதான் அது. கடவுளே, நான் செய்ததுதான்.

விருந்துக்கு நிற்காமல் வந்துவிட்டோம். காரை டோர்ஃபிதான் ஓட்டினான்.

டிசம்பர் 11, புதன்

இன்று என் முறை. கிறிஸ்துமஸுக்கு முந்தின கூட்டம் எப்போதும் என் வீட்டில்தான். நேற்றே ரொட்டியை அடுக்கி, இறால் பூரணம் தடவி, மேலே எலுமிச்சையும் சோம்புக்கீரையும் வைத்து ரொட்டிக் கேக் செய்துவிட்டேன். இன்று காலையில் மெல்லிய தோசைக் கேக், சூடான பாலாடைக்கட்டி ரொட்டி. டோர்ஃபி கடலில். ஐந்து தட்டு வைத்தேன்.

யாரும் வரவில்லை. பாதை வழுக்குகிறது, அதனால் தாமதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காபி ஆறிப்போய் மறுபடி போட்டேன்.

பிறகு கதவு தட்டும் சத்தம். டாக்னி. தனியாக. கோட்டைக் கழற்றவில்லை.

"மத்தவங்க உன்னூர் வீட்டுல இருக்காங்க" என்றாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"யாராவது நேர்ல சொல்லணும்ல. கைப்பேசியில அனுப்பலாம்னாங்க. அது நல்லா இருக்காதுன்னு நான்தான் சொன்னேன்." மேசையைப் பார்த்தாள். "எனக்கு உன்னைப் பிடிக்காது, ஹெர்டீஸ். உனக்கும் என்னைப் பிடிக்காது. அது பரவாயில்லை. என்னைக் கவுக்கணும்னா கவுத்திருக்கலாம். உன்னூரை எதுக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விசில், சிரிப்பு, செருப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "என் தப்புதான்" என்றேன். இவளிடம் போய்.

"அதை அவகிட்ட சொல்லு" என்றாள். "ஆனா இப்ப போகாதே. இப்ப அவ கதவைத் திறக்க மாட்டா."

அவள் கிளம்பப் போனாள். நில் என்று சொல்லி டப்பாக்களை எடுத்து வந்தேன். க்ரோவாவுக்கு முட்டை ஆகாது, அவளுக்குத் தனியாக. லோவாவுக்கு எலுமிச்சையை எடுத்துவிட்டு. உன்னூருக்கு மூலைத் துண்டு, அதில்தான் இறால் அதிகம். டாக்னி ஒவ்வொன்றாக வாங்கிக் கைகளில் அடுக்கிக்கொண்டாள். "நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்" என்றேன்.

"பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றாள்.

அவள் கார் உன்னூர் வீட்டுத் தெருவில் திரும்பும் வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்து ஐந்து தட்டையும் எடுத்து அலமாரியில் அடுக்கினேன். கழுவ வேண்டியிருக்கவில்லை.