எங்கள் சூளையின் கெட்டிக் கல்

1928 ஆகஸ்ட் 14, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், எதிர்வீட்டு முனியாண்டி இன்று புது சைக்கிளில் ஏறி, சாக்கடையில் இறங்கினான்.

ரயில்வே வீடுகளுக்குச் செங்கல் கொடுக்கும் டெண்டர் அவன் அப்பாவுக்குக் கிடைத்ததால் வந்த சைக்கிள் அது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சூளைக் கல் சத்தமாகத் தும்மினாலே விரிசல் விடும். எங்கள் கல்லை யானை மிதித்தால் யானைக்குத்தான் கட்டுப் போட வேண்டும்.

"பின்னாடி ஏறுடா மணியம், பாசார் கடைத்தெரு வரைக்கும் போலாம் லா."

"முதல்ல சேத்தைக் கழுவு" என்றேன். வயிறு எரிந்தது. சைக்கிள் மணி வேறு நன்றாக அடிக்கிறது.

சாப்பிடும்போது அப்பா, "விலை நம்மளுதுதான் கம்மி. எங்க தப்புச்சுன்னே தெரியல. சூளையில பாதி ஆள நிப்பாட்டணும்" என்றார். பிறகு சோற்றைத் தொடவில்லை.

எனக்குத் தெரியும். டெண்டரோடு மாதிரிக் கல் இரண்டு கொடுக்க வேண்டும். பச்சை மண்ணாக இருந்தபோது ஒரு கல்லின் அடியில் ரயில்வே இஞ்சினியர் துரையின் முகத்தை மீசையோடு ஆணியால் கீறியிருந்தேன். வெந்த பிறகு, அப்பா அடிப்பக்கம் பார்க்காமல் அதையே கட்டிக் கொடுத்துவிட்டார். இன்று மாலை ரயில்வே ஆபீஸ் பியூன் அந்தக் கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான்தான் வாசலில் நின்றேன்.

"துரை சிரிக்கலடா தம்பி" என்றார்.

கல் என் பாய்க்கு அடியில் இருக்கிறது. அப்பாவிடம் காட்ட வேண்டும். கிணற்றடியில் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் கல் நிஜமாகவே கெட்டிதான். மீசை போகவில்லை.